பின்னால் வளைந்தால் முதுகு வலி, நின்றுபோன மாதவிலக்கு: ஜிம்னாஸ்டிக்ஸ் மகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஏழு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். வாரத்தில் ஆறு நாள், மாலையில் மூன்று மணி நேரம் பயிற்சி. ஒரு மாதமாகப் பின்னால் வளையும்போது இடுப்புப் பக்கம் முதுகு வலிக்கிறது என்கிறாள். வளைய வளையச் சரியாகிவிடும் என்கிறார் கோச். மணிக்கட்டிலும் அவ்வப்போது வலி இருக்கிறது, பெல்ட் போட்டுக்கொள்கிறாள். போட்டி வருவதால் எடை கூடக் கூடாது என்று இரவுச் சாப்பாட்டை ஒரு சப்பாத்தியோடு நிறுத்தியிருக்கிறோம். வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. விளையாடும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்கிறார்கள். அடிபடாமல், பலமாக இருக்க என்ன பயிற்சி, என்ன டானிக் கொடுக்கலாம்?
– ஒரு தாய், கோவை

பதில்: டானிக்கை அப்புறம் பார்ப்போம். முதுகு வலிக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்ட இரண்டு விஷயங்கள்: அந்த ஒற்றைச் சப்பாத்தியும், வராத மாதவிலக்கும். முதுகு வலியை இவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பயிற்சியில் செலவாகும் சக்தி சாப்பாட்டில் திரும்பி வராவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். இப்போதைக்கு அவசியமில்லை என்று தோன்றும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிலக்கு நிற்பது அதில் ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு கெட்டிப்படுவதும் தடைப்படும். ஒரு பெண் வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பில் பெரும்பகுதி சேர்வது இந்தப் பருவ வயதில்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். அவர்களுக்கு நின்றுபோக மாதவிலக்கு இல்லாததால் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகும்.

வயதுக்கு வந்த முதல் இரண்டு வருடம் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் வரவில்லை என்றால் விளையாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. மகளிர் மருத்துவரிடம் காட்டி தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் டி மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டுப் பற்றாக்குறைதான் காரணம் என்றால், அந்த மாத்திரையால் எலும்புக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, முதுகுக்கு வருவோம். வளரும் வயதில், பின்னால் வளையும்போது மட்டும் இடுப்புப் பகுதியில் வலி வந்து அது இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டினால், தசைப்பிடிப்பு என்று சொல்வதற்கு முன் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கத்திலும் மெல்லிய பாலம் மாதிரி ஒரு பகுதி உண்டு. பிரிட்ஜ், பேக் வாக்ஓவர் என்று நூற்றுக்கணக்கான முறை வளையும்போது அந்த இடத்தில்தான் பாரம் விழுகிறது. கம்பியை மறுபடி மறுபடி ஒரே இடத்தில் வளைத்தால் என்ன ஆகுமோ அதுவே அங்கும் ஆகலாம். இதை அழுத்த முறிவு என்போம், மருத்துவச் சீட்டில் ஸ்பாண்டிலோலைசிஸ் என்று இருக்கும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி முள்ளெலும்பான எல்-5-ல் வரும். அரைகுறையாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இந்த ஆபத்து அதிகம். மூன்றும் ஒரே கதை என்று நான் சந்தேகப்படுவது இதனால்தான்.

ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பின்னால் சாயும்போது வலித்தால் சந்தேகம் கூடும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்-ரே நார்மல், விளையாடலாம்' என்று யாராவது சொன்னால், எம்ஆர்ஐ தேவையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பொதுவாக மூன்று மாத அளவில் ஓய்வும் பிசியோ பயிற்சியும் தேவைப்படும். பெரும்பாலான பிள்ளைகள் மறுபடி விளையாட வந்துவிடுகிறார்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை பின்னால் வளையும் எந்தப் பயிற்சியும் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவிவிடுவதும் வேண்டாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், காலில் மரத்துப்போதல், சிறுநீர் போவதில் சிரமம் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே போங்கள்.

மணிக்கட்டு வலியும் அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. ஹேண்ட்ஸ்டாண்ட், வால்ட் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுவது) எல்லாவற்றிலும் கை காலின் வேலையைச் செய்கிறது. முன்கை எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) இன்னும் மூடாத வயது இது. அங்கே தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். மணிக்கட்டின் கட்டை விரல் பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா, கையை ஊன்றும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் கையில் பாரம் போடுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். பெல்ட் வலியை மறைக்கும், தட்டைக் காப்பாற்றாது. பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போடுவதும் அப்படித்தான்.

இனி சாப்பாடு. டானிக்குக்கு ஆகும் காசை இதில் போடுங்கள். பள்ளி விட்டதும் பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம், கடலை மிட்டாய் அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு: சாதமோ சப்பாத்தியோ வயிறு நிறைய, பருப்பு, முட்டை அல்லது மீன், தயிர். 13 முதல் 15 வயதுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. காலையில் கேழ்வரகுத் தோசை, மாலையில் எள்ளுருண்டை, பால் என்று போனால் மாத்திரை இல்லாமலே நெருங்கிவிடலாம். கீரையும் பயறும் சாப்பிடும் நேரத்தில் டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. வீட்டில் இருக்கும் எடை மிஷினைக் கொஞ்ச நாளைக்குப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் தங்கள் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் பயிற்சி செய்யாமலிருப்பது நல்லது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. உங்கள் மகள் 18 மணி நேரம் செய்கிறாள். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தக் கணக்கு எங்கேயும் முழுதாக நடப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வையுங்கள். சட்டென்று உயரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும், பழகிய வித்தையே தடுமாறும். அப்போது புதிய கஷ்டமான வித்தை வேண்டாம், தாவி இறங்கும் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல், முட்டியும் இடுப்பும் சேர்ந்து மடங்க இறங்கப் பழக்குவது முழங்கால் ஜவ்வைக் காப்பாற்றும். ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது கணுக்காலுக்கு. கால்களை அகல விரித்து உட்காரும் ஸ்பிளிட் எடுக்கும்போது யாரும் மேலே ஏறி அழுத்தக் கூடாது, கோச்சாக இருந்தாலும் சரி.

மூன்று மாதம் விட்டால் எல்லாம் போச்சு என்ற பயம் உங்களுக்கும் மகளுக்கும் இருக்கும். இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2017-ல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த வருடம் துருக்கியில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் வால்ட் பிரிவில் தங்கம் வாங்கினார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 1992-லிருந்து எட்டு ஒலிம்பிக்கில் ஆடியவர், டோக்கியோவில் அவருக்கு வயது 46. பெண்களுக்கான சர்வதேச சீனியர் போட்டிகளில் ஆடுவதற்கே 16 வயது ஆகும் வருடம் வர வேண்டும். உங்கள் மகளுக்கு அவகாசம் இருக்கிறது.

கோச்சிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போட்டி நெருக்கத்தில் அது காற்றில் போய்விடும். எது கூடாது, எதைச் செய்யலாம், எத்தனை வாரம் என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கும் அவர் ஒத்துவரவில்லை என்றால் வேறு கோச் பாருங்கள்.