உப்புக் காற்றில் ஒரு பச்சோந்திக் கூண்டு

கேள்வி: கீழக்கரையில் கடலை ஒட்டிய வீட்டில் வசிக்கிறோம். தோட்டத்தில் பிடித்த பச்சோந்தியை மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் செடிகளோடு வளர்க்க என் மகன் விரும்புகிறான். துணைக்கு வெளிநாட்டுப் பச்சோந்தி ஒன்றும் கேட்கிறான். எந்தச் செடிகளை வைக்கலாம்?

பதில்: செடிகளுக்கு முன் ஒரு செய்தி. தோட்டத்தில் கிடைத்த நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எந்த மரத்தில் பிடித்தாரோ அதே மரத்தில் இன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். துணை என்ற எண்ணமும் வேண்டாம். பச்சோந்திகள் தனித்து வாழ்பவை. இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதே அவற்றுக்குத் தொல்லை. வெளிநாட்டு இனம் ஒன்றை மட்டும் வாங்குவதாக இருந்தால், தலையில் கொண்டை போன்ற மேடுள்ள யேமன் பச்சோந்தியே உங்கள் ஊருக்கு ஓரளவு ஒத்துவரும். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கண்ணாடித் தொட்டியைக் கைவிடுங்கள். இந்த உயிருக்கு வேண்டியது காற்றோட்டமும் உயரமும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரத்தில் வலைக்கூண்டு செய்யச் சொல்லுங்கள். வெறும் இரும்பு வலை உங்கள் கடற்காற்றில் விரைவில் துருப்பிடித்துவிடும் என்பதால், பிளாஸ்டிக் பூச்சிட்ட வலையே நல்லது.

உங்கள் ஊரில் உண்மையான சிக்கல் தண்ணீர். பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது; இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். உப்பேறிய போர்த் தண்ணீரைத் தெளித்தால், நீர் ஆவியானபின் இலைமேல் வெள்ளையாகப் படியும் உப்பையும் சேர்த்து நக்கும். செடியின் இலை நுனிகளும் கருகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் விழும் மழைநீரை, முதல் மழையைக் கழித்துவிட்டுச் சேமித்து, காலையும் மாலையும் தெளியுங்கள். தீர்ந்துபோனால் கேன் தண்ணீர். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் குழாயை ஒரு பாட்டிலில் பொருத்திச் சொட்டவிட்டால் வேலை பாதியாகும். பூந்தொட்டி மண்ணில் கலக்கும் தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல நீரில் பலமுறை அலசிய பிறகே கலக்க வேண்டும்.

செடிகளில் என் முதல் தேர்வு செம்பருத்தி. யேமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும்; செம்பருத்தி இலையும் பூவும் அதற்குத் தீங்கு செய்யா. நர்சரியில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கக்கூடும் என்பதால், நன்றாகக் கழுவி, சில வாரங்கள் வெளியில் வளர்த்துப் புதுத்துளிர் விட்டபின் உள்ளே வையுங்கள். அரளியும் எருக்கும் கூண்டின் பக்கமே வரக்கூடாது. ஏறி நடக்கக் கொய்யாக் கிளைகள் போதும்; சீமைக்கருவேலம் எளிதில் கிடைக்கிறதே என்று முள்ளோடு வைத்துவிடாதீர்கள்.

ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் எலும்புக்குத் தேவையான புறஊதாக் கதிர் வராது. அதற்கென விற்கும் குழல்விளக்கை மேலே பொருத்துங்கள். சூடேற்றும் பல்பைச் சித்திரை, வைகாசியில் அணைத்தே வைக்கலாம், அறையே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

தொட்டிமண்ணை விழுங்காதிருக்க மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளை அழகுக்காக எடுத்துவராதீர்கள். அவற்றுக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.