பழைய காருக்கு நீட்டிப்பு வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: வேலூரில் ஒரு பழைய கார் டீலரிடம் 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றை 4,90,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். மேனுவல் கியர், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பணம் கொடுக்கப் போன அன்று, ஒரு வருட நீட்டிப்பு வாரண்டிக்கு 18,000 ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் கேட்டார்கள். கையில் பணம் இல்லையென்றால் கார் கடனோடு சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார்கள். நிம்மதிக்காகவாவது எடுத்துவிடுங்கள் என்கிறார் என் மைத்துனர். தண்டச் செலவு என்கிறார் எங்கள் மெக்கானிக். குடியாத்தத்திலிருந்து வேலூருக்குத் தினமும் வேலைக்குச் சென்று வருகிறேன். மாதம் ஒருமுறை பெங்களூருக்கும் போவேன். அவர்கள் தந்த நிபந்தனைத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?
– குடியாத்தம் வாசகர்

பதில்: தாளின் நகலை அனுப்பியதற்கு முதலில் நன்றி. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் விலையை மட்டும் எழுதுகிறார்கள். தாளைப் பார்க்காமல் யாரும் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. உங்கள் தாளை இரண்டு முறை வாசித்த பிறகு, இந்தக் காருக்கு இந்த விலையில் இந்த வாரண்டி வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் நீங்கள் கட்டப்போவது 21,240 ரூபாய். தாளின் இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 2,500 ரூபாயை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும் என்றும், 60,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டிகளுக்குப் பில் தொகையில் 60 சதவீதமே வழங்கப்படும் என்றும், ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய் என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் காரில் ஏசி கம்ப்ரசர் கெட்டுப்போய் 20,000 ரூபாய்க்குப் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 12,000 ரூபாய். 2,500 ரூபாயைக் கழித்தால் உங்கள் கைக்கு வருவது 9,500 ரூபாய். கட்டிய 21,240 ரூபாய் திரும்பி வர வேண்டுமென்றால், வாரண்டிக்குள் அடங்கும் ஒரே பழுதுக்கு ஏறத்தாழ 39,600 ரூபாய் பில் வர வேண்டும். பழுது இரண்டாகப் பிரிந்து வந்தால் 2,500 ரூபாய் இரண்டு முறை கழியும் என்பதால், கணக்கு இன்னும் மோசமாகும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரு மேனுவல் பெட்ரோல் காரில், ஒரே வருடத்தில், அதுவும் இன்ஜினுக்குள்ளோ கியர்பாக்ஸுக்குள்ளோ அத்தனை பெரிய பழுது வருவது அரிது.

சரி, அந்தக் காரில் அடுத்த ஒரு வருடத்தில் எவையெல்லாம் செலவு வைக்கக்கூடும்? கிளட்ச் பிளேட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பிரேக் பேடு, பேட்டரி, டயர், இன்ஜின் மவுண்ட்டிங் ஆகியவைதான். 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவற்றில் இரண்டு மூன்றாவது வேலை கேட்கும். உங்கள் தாளில் ‘உட்படாதவை’ என்ற தலைப்பின் கீழ்ப் பாருங்கள். நான் மேலே எழுதிய பெயர்களில் ஒன்றுகூட விடுபடாமல் அங்கே வரிசையாக இருக்கின்றன. தேய்மானத்தால் பழுதாகும் பாகங்களுக்குப் பொறுப்பில்லை என்பது இவ்வகை வாரண்டிகள் எல்லாவற்றிலும் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. அதில் தவறும் இல்லை. ஆனால் வாங்குபவரிடம் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் கவர் ஆகும் சார்’ என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இன்ஜின் கவர் ஆகும் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. எண்ணெயில் மிதந்து இயங்கும் உட்பாகங்களை மட்டுமே உங்கள் தாள் இன்ஜின் என்று கணக்கில் கொள்கிறது. வாட்டர் பம்ப், ரேடியேட்டர், அதன் விசிறி மோட்டார், ஹோஸ் பைப் எதுவும் அதில் வராது. விசிறி நின்றுபோய் இன்ஜின் சூடேறி, அதன் விளைவாக ஹெட் கேஸ்கெட் போனால், அதிகச் சூட்டினால் ஏற்பட்ட சேதம் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளுவதற்குத் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் வண்டிக்கு எந்தப் பாகம் முதலில் சோதனையாகும் என்று உங்களுக்கே தெரியும். வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். பக்கத்து ஊர்வரை போய்விடலாம் என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டர்தான் பலருடைய இன்ஜினைக் காவு வாங்கியிருக்கிறது.

முன் அனுமதி என்ற நிபந்தனையை என் வீட்டு அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். என் தம்பி இதே போன்ற ஒரு வாரண்டியோடு பழைய கார் வாங்கினான். மே மாதத்தில் ஒரு நண்பகல் காட்பாடி மேம்பாலத்தில் ஏசியிலிருந்து அனல் காற்று வரத் தொடங்கியது. பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டான். அவர் நல்ல எண்ணத்தில் அன்று மாலையே கம்ப்ரசரைக் கழற்றி, பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பிரித்து வைத்துவிட்டார். எண்ணெயில் வெள்ளித் துகள்கள் மினுமினுப்பதை நானே விரலால் தொட்டுப் பார்த்தேன். பாகம் உள்ளுக்குள் உராய்ந்து கெட்டிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மறுநாள் வாரண்டி நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, அனுமதிக்கு முன்பே பிரித்துவிட்டதால் கோரிக்கை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். தாளில் அந்த நிபந்தனை இருந்தது உண்மை, அவன் வாசிக்கவில்லை. உங்கள் தாளிலும் அது இருக்கிறது. அதோடு, அவர்கள் அங்கீகரித்த பணிமனையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. பின்பக்கத்துப் பட்டியலில் குடியாத்தத்தில் ஒன்றும் இல்லை; வண்டியை இழுத்துச் செல்லும் செலவும் உங்களுடையது.

கடனோடு சேர்ப்பதை எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு 14 சதவீத வட்டி, நான்கு வருடத் தவணை என்று கொண்டால், 21,240 ரூபாய் என்பது கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 27,860 ரூபாயாகிவிடும். வாரண்டி முதல் வருடத்தோடு முடிந்துவிடும். அதற்கான தவணை மேலும் மூன்று வருடம் போய்க்கொண்டிருக்கும்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை, முழுத்தொகையைக் கொடுப்பதற்கு முன்பாகவே, வண்டியைச் சோதிப்பதற்குச் செலவிடுங்கள். பதிவு எண்ணைக் கொடுத்து, காரைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். அதில் பதிவாகியுள்ள கிலோமீட்டரும் மீட்டரில் காட்டும் கிலோமீட்டரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மீட்டர் திருத்தப்பட்டது தெரிந்தால் வாரண்டியே செல்லாது என்பதும் உங்கள் தாளில் இருக்கும் நிபந்தனைதான், அதைத் திருத்தியது நீங்களாக இல்லாவிட்டாலும்கூட. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்யுங்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பிழைக் குறியீடுகள் அப்போதுதான் அழிக்கப்பட்டவையா என்பதையும் உங்கள் மெக்கானிக் அதில் கண்டுபிடித்துவிடுவார். ஏசியை ஓடவிட்டு, நின்ற நிலையில் இருபது நிமிடம் விடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள்: முன் இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நீரில் மூழ்கிய கார்கள் பல, துடைத்து மெருகேற்றப்பட்டு வெளியூர்ச் சந்தைகளுக்கு வந்திருக்கின்றன; 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தையும் நாம் பார்த்தோம். இருக்கை உறையை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. சுருளின் அடியில் பழுப்பாக ஒரு கோடு, தொட்டால் மண் நெருநெருப்பு இருந்தால் அந்த வண்டி வேண்டாம். முன்பணம் போனாலும் பரவாயில்லை. வெள்ளச் சேதத்தை எந்த வாரண்டியும் ஏற்பதில்லை. இனிமேல் வரக்கூடிய வெள்ளத்துக்கு உங்கள் காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண காப்பீடு, தண்ணீர் உள்ளே புகுந்து இன்ஜின் பூட்டிக்கொள்வதை ஏற்பதில்லை.

சோதனையில் வண்டி தேறினால், மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். கிளட்ச்சுக்கும் புஷ்ஷுக்கும் அதுதான் உதவும்.

நீங்கள் வாங்குவது வேறு வகைக் காராக இருந்திருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளிலும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 டர்போ டீசல் வண்டிகளிலும் ஒரே பழுது லட்ச ரூபாய் வரை போகக்கூடும். கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும், சதவீதக் கழிவு இல்லாத வாரண்டி கிடைத்தால் அதை நான் எடுக்கச் சொல்வேன். டீசல் வண்டியில் புகை வடிகட்டி வாரண்டியில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்; ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பெரும்பாலான தாள்களில் அது இருக்காது.

கேள்வி: ஒரு டீலரிடம் வாரண்டியோடு கார் வாங்கினேன். நான்காவது மாதத்தில் கியர்பாக்ஸில் சத்தம் வந்தது. ‘வாங்கும் முன்பே இருந்த கோளாறு’ என்று போனில் சொல்லி மறுக்கிறார்கள். விற்கும்போது முழுச் சோதனை செய்த வண்டி என்று அறிக்கை கொடுத்தவர்களும் அவர்கள்தான். எனக்கு வழி உண்டா?
– ஆற்காடு வாசகர்

பதில்: உண்டு, அந்தச் சோதனை அறிக்கைதான் உங்கள் முதல் ஆதாரம். கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது என்று கையெழுத்திட்டு விற்றவர்கள், நான்கு மாதம் கழித்து அது முன்பே கெட்டிருந்தது என்று சொன்னால், இரண்டில் ஒன்று பொய்யாகிறது. மறுப்பை எழுத்தில் தரும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னதை நம்பி எதையும் செய்யாதீர்கள். வேறொரு பணிமனையில் கோளாறைப் பற்றி எழுத்தில் கருத்து வாங்குங்கள், ஆனால் கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள். வண்டி அவசியமாக ஓட வேண்டும் என்ற நிலை வந்தால், பிரிக்கப்போகும் நாளை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, படம் எடுத்து, கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டீலரின் அலுவலகமோ வாரண்டி நிறுவனத்தின் தலைமையகமோ எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். டீலரையும் வாரண்டி நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாக்குங்கள்; ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க அது இடம் தராது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காரை வாடகைக்கு ஓட்டியிருந்தால் மட்டும் நிலைமை கடினம்.

கேள்வி: ஆம்பூரில் தெரிந்தவரிடமிருந்து நேரடியாகக் கார் வாங்குகிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் நீட்டிப்பு வாரண்டி இன்னும் 14 மாதம் இருக்கிறது என்கிறார். அது எனக்கு வருமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: தயாரிப்பு நிறுவனங்களின் நீட்டிப்பு வாரண்டி பொதுவாக வண்டியோடு சேர்ந்தே போகும், மூன்றாம் நபர் விற்கும் வாரண்டியைவிட அதை நான் அதிகம் மதிப்பேன். ஆனால் அவர் சொல்வதை மட்டும் வைத்து விலையைக் கூட்டிவிடாதீர்கள். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், வாரண்டி எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் முடிகிறது, சர்வீஸ் ஏதேனும் தவறி அது ஏற்கெனவே செல்லாமல் போயிருக்கிறதா, பெயர் மாற்றத்தை அவர்களிடம் எப்படிப் பதிய வேண்டும் என்ற நான்கையும் கேட்டு வாருங்கள். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பணம் கைமாறும் அன்றே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் அதன் நகலோடு மறுபடியும் அதே சர்வீஸ் சென்டருக்குப் போய், வாரண்டியில் உங்கள் பெயர் ஏறியதற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.