இறங்கினாரா, ஏறினாரா?

கேள்வி: சினிமாவில் நாயகியாக இருந்த ராதிகா சீரியலுக்கு வந்தது இறக்கம்தானே? – ஒரு வாசகர், தென்காசி

பதில்: யார் சொன்னது? 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாரதிராஜா அறிமுகப்படுத்திய பாஞ்சாலி அவர். அப்பா எம்.ஆர்.ராதா. 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்துத் தேசிய விருதும் வாங்கினார். அது பலருக்கு ஞாபகமில்லை.

1999-ல் சன் டிவியில் 'சித்தி' வந்தபோது என் அம்மா ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுவார். நடுவில் யார் தண்ணீர் கேட்டாலும் "நீயே எடுத்துக்கோ"தான். அந்தத் தொடரைத் தயாரித்ததே ராதிகாவின் ராடான் நிறுவனம். வாய்ப்புக்குக் காத்திருக்காமல் முதலாளியே ஆகிவிட்டார்! அப்புறம் 'வாணி ராணி'யில் இரட்டை வேடம், 2013 முதல் 2018 வரை. அழுகைக் காட்சிகள் எனக்குக் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் வக்கீல் வாணி வாயைத் திறந்தால் ரிமோட்டைத் தொடமாட்டேன்.