ஏத்தன் வாழைக்குச் சாக்குக் கட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்கு ஒரு ஏக்கர் நன்செய் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை, 1,000 கன்று வைத்தேன். ஐப்பசி வரைக்கும் பார்த்தவர்கள் கண் வைக்கும்படி இருந்தது. மார்கழி பிறந்ததும் அடி இலைகள் மஞ்சளிக்கின்றன; சில இலைகளில் பழுப்புப் புள்ளி. புது இலை விரிய இரண்டு வாரம் ஆகிறது. ஏழு மரத்தில் தார் வெளியே வராமல் கழுத்திலேயே மாட்டி நிற்கிறது. விடியற்காலையில் மலைக்காற்று ஊசியாகக் குத்துகிறது. பக்கத்து வயல்களில் எல்லாம் பிசான நெல், நான் மட்டும்தான் வாழை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே வாழைக்கு வைக்கோலும் துணியும் சுற்றிப் பனியிலிருந்து காப்பாற்றும் வீடியோ அனுப்பினான். மருந்துக்கடையில் ‘குளிர் தாங்கும் டானிக்’ லிட்டர் 900 ரூபாய், இரண்டு தடவை அடி என்கிறார்கள். ஒரு பாட்டில் வாங்கியும் விட்டேன். சாக்குக் கட்டவா, டானிக் அடிக்கவா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம்.

முதலில் அந்த வீடியோவை முடித்துவிடுகிறேன். அதில் இருப்பது அநேகமாக மூசா பாஸ்ஜூ என்கிற வாழை. ஜப்பான் வாழை என்று பெயர். பிறந்த மண் தென் சீனா. காய்க்குள் விதைதான் இருக்கும், தின்ன ஆகாது. இலை அழகுக்காக வளர்க்கிறார்கள். உறைபனியில் இலை கருகிவிடும். குளிர் இன்னும் இறங்கினால் தண்டும் போய்விடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடந்து, குளிர் போனதும் துளிர்க்கும். அதனால்தான் இலையை நறுக்கிவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி, உள்ளே வைக்கோல் திணித்து, மேலே ஒரு மூடியும் போடுகிறார்கள். அந்த மூடியைக் கவனித்தீர்களா? மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தண்டு அழுகிவிடக் கூடாது என்பதற்காக அது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற ஊரிலேயே குளிரோடு ஈரம் சேர்வதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

நம் ஊர்க் கதை என்ன? 16 டிகிரிக்குக் கீழே போனால் வாழையில் புது இலை வருவது மந்தமாகும். 10 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் வளர்ச்சியே நின்றுவிடும். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில் 20க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மலையடிவாரம் என்று இரண்டு மூன்று டிகிரி தள்ளுபடி கொடுத்தாலும் உங்கள் வாழை சாகிற குளிர் அது இல்லை. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழை உங்கள் வயலைவிடக் குளிரான இடத்தில்தான் நிற்கிறது. யாரும் சாக்குக் கட்டுவதில்லை. மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் பக்கம் நிஜமான குளிர் உண்டு. அவர்கள்கூட ராத்திரியில் தண்ணீர் விடுவது, விடியற்காலையில் சருகு மூட்டிப் புகை போடுவது, தாருக்கு உறை மாட்டுவது என்றுதான் சமாளிக்கிறார்கள். அதைப் பார்த்து நீங்களும் ராத்திரியில் மடையைத் திறந்துவிடாதீர்கள். உங்கள் வயலில் இருக்கிற தண்ணீரே அதிகம்.

அது எப்படித் தெரியும் என்கிறீர்களா? ‘பக்கத்து வயல்களில் எல்லாம் பிசான நெல்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். கடிதம் முழுக்கக் குளிரைப் பற்றி. நோய் அந்த ஒரு வரியில். பக்கத்து நெல்லுக்குத் தண்ணீர் கட்டித்தான் வைப்பார்கள். அது வரப்புக்கு அடியில் கசிந்து உங்கள் வாழைக்குள் வரும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும்.

நாளைக்குக் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். மஞ்சளித்த மரம் ஒன்றிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் விஷயம் முடிந்தது. வெட்டிய மண்ணில் கிடக்கும் வேரை எடுத்து இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். கெட்ட வேரின் தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கும். வாழையின் வேரில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்தான் ஓடுகிறது. அங்கே காற்று இல்லை என்றால் மேலே இலை மஞ்சளிக்கும், தார் தள்ளத் தெம்பு இருக்காது. நீங்கள் அதைக் குளிர் என்பீர்கள், கடைக்காரர் ஆமாம் என்பார்.

வாழைக்கு உரம் என்ன, மருந்து என்ன என்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வடிகால் எங்கே? நன்செய் வாழையில் முதல் முதலீடு மம்பட்டிக் கூலி. கன்று நட்ட மூன்றாம் மாதத்துக்குள், இரண்டு வரிசைக்கு ஒரு ஓடை, இரண்டடி ஆழம். வெட்டிய மண் மரத்தடிக்கு அணையாகப் போக வேண்டும். நெல் வயல் பக்கம் வரப்பை ஒட்டி, நம் எல்லைக்குள், அதைவிட ஆழமாக ஒரு சுற்று ஓடை. கசிவு அதில் விழுந்து, வயலுக்கு வெளியே தண்ணீரைக் கொண்டுபோகிற வாலோடைக்குப் போய்விடும். ‘அந்த இடத்தில் இன்னும் 50 வாழை வைக்கலாமே’ என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. 50 கூட வைத்து 300ஐப் பறிகொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நானும் யோக்கியன் இல்லை. 2023 மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 17ஐ ஒட்டிப் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வருஷம் என் வயலில் ஓடை வெட்டிய பக்கம் நான்காம் நாள் கால் புதையாமல் நடந்தேன். கிழக்கு மூலையில் மட்டும், ‘மேடுதானே’ என்று சோம்பலில் விட்டிருந்தேன். அங்கே நின்ற மரங்கள் பங்குனிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. தள்ளிப் பார்த்தால் கிழங்கோடு கையில் வந்தது, நாற்றம் தாங்கவில்லை.

இப்போது வரிசைக்கு நடுவே இரண்டடி வெட்டாதீர்கள், தம்பி. தார் தள்ளுகிற நேரத்தில் மிச்ச வேரையும் அறுத்துவிடுவீர்கள். சுற்று ஓடையை மட்டும் உடனே ஆழமாக எடுத்து, தாழ்ந்த மூலையில் உடைத்துவிடுங்கள். வரிசைக்கு நடுவே ஒரு சாண் ஆழத்துக்குக் கீறி, அதில் சேர்த்துவிட்டால் போதும்.

டானிக் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். ஹியூமிக், கடல்பாசி, அமினோ அமிலம் என்று ஏதாவது போட்டிருக்கும். விஷம் இல்லை. ஆனால் வேர் மூச்சுத் திணறி நிற்கும்போது அது மூச்சு முட்டுகிறவனுக்கு அல்வா ஊட்டுகிற மாதிரி. வெயில் காலத்தில் ‘வறட்சி தாங்கும்’, மழையில் ‘அழுகல் தாங்கும்’, மார்கழியில் ‘குளிர் தாங்கும்’; பாட்டில் ஒன்றுதான், ஸ்டிக்கர்தான் மாறுகிறது. வயலுக்கு வந்து பார்க்காமல் மருந்து எழுதுகிற கடைக்காரர் நமக்கு வைத்தியர் இல்லை, வியாபாரி. ஏதாவது அடித்தால்தான் மனசு ஆறும் என்றால் 13-0-45 என்கிற பொட்டாசியம் நைட்ரேட் உரத்தை லிட்டருக்கு 10 கிராம் கலந்து, ஒட்டும் திரவம் சேர்த்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை அடியுங்கள். வேர் தேறும் வரைக்கும் இலை வழியாகக் கொஞ்சம் சோறு போகட்டும். மண் வடிந்து புது வெள்ளை வேர் கண்ணில் பட்ட பிறகுதான் பொட்டாஷ். ஈரச் சேற்றில் கொட்டுவது காசைக் கசிவோடு அனுப்புவது.

அந்த ஏழு மரம். குருத்து இலைகள் குட்டையாக, நிமிர்ந்து, கொத்தாக நின்றால் அது முடிக்கொத்து நோய். கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள். அப்படி இல்லை என்றால், தார் புடைத்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் வெளிப்பட்டையை மட்டும் மேலிருந்து கீழாகக் கீறி நெகிழ்த்துங்கள். கத்தி காம்பில் படக் கூடாது. தார் சிறுத்துத்தான் வரும். உள்ளே எத்தனை சீப்பு என்பது தார் தலைகாட்டுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. உங்களுக்கு அது ஐப்பசி அடைமழையில் முடிவானது.

பழுப்புப் புள்ளி இலைப்புள்ளி நோய், மார்கழிப் பனி ஈரத்தில் பரவும். பாதிக்கு மேல் கருகிய இலையை மட்டும் அறுத்து வெளியே கொண்டுபோய் எரியுங்கள். சுத்தம் என்று மொட்டையடித்துவிடாதீர்கள், தார் தள்ளும்போது மரத்தில் எட்டு இலையாவது வேண்டும்.

அப்புறம், நடவு. அதே வயலில் அடுத்த தடவையும் ஏத்தன்தான் என்றால் வைகாசி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இடைவெளி பார்த்து வைத்தால் மார்கழியில் மரம் சின்னது, ஓடை வெட்ட வேருக்குச் சேதமில்லை. ஓணத்துக்கு மலையாள வியாபாரிகள் வருகிற நேரத்துக்குத் தாரும் தயாராக இருக்கும்.

குழியில் எத்தனை விரல் தண்ணீர் ஊறியது என்று எழுதுங்கள். பாட்டிலை இன்னும் உடைக்கவில்லை என்றால் பில்லோடு போய்த் திருப்பிக் கொடுங்கள். அந்த 900 ரூபாய் மம்பட்டிக்காரருக்கு ஒரு நாள் கூலி.