குதிக்கும் சிலந்தி: சில கேள்விகள், சில பதில்கள்

ஜன்னலில் இருக்கும் சிலந்தி, என் விரல் போகும் பக்கமெல்லாம் திரும்புகிறது. என்னை அடையாளம் தெரிகிறதா?

அடையாளம் என்பது பெரிய வார்த்தை. ஆனால் அது உங்களைப் பார்ப்பது நிஜம். எட்டுக் கண்களில் முன்னால் நடுவிலுள்ள பெரிய இரண்டும்தான் கூர்மையானவை. நுணுக்கமெல்லாம் அவற்றுக்குத் தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு சாவித்துவாரம் அளவுதான். மற்றக் கண்கள் ஏறக்குறைய நாலாபக்கமும் அசைவைக் காவல் காக்கின்றன. அங்கே ஏதாவது அசைந்தால் உடம்பையே திருப்பி, பெரிய கண்களை அதன்மேல் வைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதன் விழிலென்ஸ் அசையாது, உள்ளேயிருக்கும் விழித்திரைக் குழாய்தான் அசையும். அதனால் கன்னங்கரேலென்று இருந்த கண் சட்டென்று வெளிறும். கறுப்பாக இருந்தால் உங்களை நேராகப் பார்க்கிறது, வெளிறினால் பார்வை வேறெங்கோ போயிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் சிலந்தி பார்க்கும் இந்தப் பொழுதுபோக்கை விடமாட்டீர்கள்.

நசுக்காமல் பிடிப்பது எப்படி?

இடுக்கி வேண்டாம். கால் உடைந்துவிடும். ஒளி ஊடுருவும் சிறு டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையை மெதுவாகச் செருகுங்கள். செடிகளில் தேட, கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியையோ விரித்த குடையையோ பிடித்துக் கிளையை இரண்டு தட்டு தட்டினால் போதும். டப்பாவுக்கு ஒன்றுதான். இரண்டைப் போட்டால் மாலையில் ஒன்று, அதுவும் கொழுத்து, இருக்கும்.

பத்து நாளாகச் சாப்பிடவில்லை. மூலையில் நூல் கூடு கட்டி உள்ளேயே கிடக்கிறது. சாகப் போகிறதா?

வயிறு உருண்டையாக இருந்தால் பயமில்லை. அநேகமாகச் சட்டை உரிக்கத் தயாராகிறது. கூட்டைக் கிழித்துப் பார்க்காதீர்கள், உயிருள்ள இரையையும் உள்ளே விடாதீர்கள். புதுத்தோல் இறுகும்வரை அதன் உடம்பு மென்மையாக இருக்கும். வெட்டுக்கிளிக் குஞ்சே கடித்துவிடும். நானும் தொடக்கத்தில் அக்கறை என்று நினைத்துக் கூட்டைப் பிரித்து ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

வயிறு சுருங்கிச் சுருக்கம் விழுந்திருந்தால் கதை வேறு, தாகம். டப்பாச் சுவரில் பொடித் துளிகளாகத் தண்ணீர் தெளியுங்கள், அதுவே வந்து குடிக்கும். கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். கூட்டைப் பெரும்பாலும் மேல்பகுதியில் கட்டும் என்பதால், மூடி மேலே உள்ள டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வீட்டை இடிப்பீர்கள். பக்கவாட்டில் திறப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆணா பெண்ணா?

முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டிக் கைகளைப் பாருங்கள். நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பியிருந்தால் வளர்ந்த ஆண். ஒல்லியாக இருந்தால் பெண், அல்லது இன்னும் வளராத குஞ்சு. ஆணின் முன்னால் சிறு கண்ணாடி வைத்தால், எதிராளி வந்துவிட்டான் என்று முன்கால்களைத் தூக்கும். ஒரு நிமிடம் போதும், பிறகு கண்ணாடியை எடுத்துவிடுங்கள், பாவம்.

முசுறு எறும்பு என்று எடுத்தேன், நூல் விட்டுத் தொங்குகிறது!

எறும்பு வேடமிடும் குதிக்கும் சிலந்தி. கால்களை எண்ணுங்கள், எட்டு வரும். முன்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கிக்கொண்டு நடக்கும். வளர்ந்த ஆணின் தாடை நீண்டு முன்னால் நிற்பதால், ஓர் எறும்பு இன்னொரு எறும்பைச் சுமந்து போவதுபோல் இருக்கும். வாழ்த்துகள், பலர் வருடக்கணக்கில் தேடுவது இது.

கால் தசை பெருத்ததாகத் தெரியவில்லை. பிறகு எப்படி இவ்வளவு தூரம் தாவுகிறது?

தசையைவிட அழுத்தம்தான் காரணம். உடம்புத் திரவத்தைக் கால்களுக்குள் வேகமாகத் தள்ளும், மடங்கிய கால் விசுக்கென்று நீளும். தாவும் முன் ஒரு நூலை ஒட்டிவைத்துக்கொள்ளும், தவறினால் அதில் தொங்கி மேலே ஏறிக்கொள்ளும்.

புகைப்படம் அனுப்பினால் இனத்தின் பெயர் சொல்வீர்களா?

சில நேரம். குதிக்கும் சிலந்திக் குடும்பத்தில் மட்டும் 6,000-க்கு மேல் இனங்கள். பலவற்றை உறுதியாகப் பிரிக்க, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அதற்காகச் சேகரிப்பவர்கள் 70–80 சதவீத எத்தனாலில் போடுகிறார்கள். ஊசி குத்திக் காயவைத்தால் வற்றிச் சுருங்கிவிடும். இடம், தேதி, எந்தச் செடி என்பதைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். அந்தச் சீட்டு இல்லாத சிலந்தி ஆய்வுக்கு உதவாது. எத்தனாலில் நிறமும் வெளுக்கும். பெயருக்காக மட்டும் கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முகம், முதுகு, பக்கம் என்று மூன்று படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கடிக்குமா?

அழுத்திப் பிடித்தால் கடிக்கலாம். மனிதருக்கு ஆபத்தில்லை.

இரவில் என்ன செய்யும்?

பெரும்பாலானவை கூட்டுக்குள் உறங்கும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், நூலில் தொங்கியபடி உறங்கிய எவார்க்கா ஆர்க்குவாட்டா என்ற குதிக்கும் சிலந்தி இனத்தின் குஞ்சுகளை அகச்சிவப்புக் கேமராவில் படமெடுத்தார்கள். குஞ்சுகளின் தலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். உறக்கத்தினிடையே கால்கள் துடிக்க, முதல் பதிலில் சொன்ன அந்த விழித்திரைக் குழாய்கள் உள்ளே அசைந்தன. கனவா என்று அடுத்து கேட்பீர்கள். அதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. டார்ச்சை மட்டும் அணைத்துவிடுங்கள்.