கேள்வி-பதில்: மெயிலில் வந்த புதிய கணக்கு எண்ணை நம்பலாமா?

அரசு அலுவலர்கள், நிறுவனம் நடத்துபவர்கள், ஆசிரியர்கள் ஆகியோரிடமிருந்து தகவல் போர், சைபர் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தகவல் போர், சைபர் தாக்குதல் இரண்டும் ஒன்றுதானா? அரசு அலுவலகங்கள் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

சைபர் தாக்குதல் குறிவைப்பது கணினியை. தகவல் போர் குறிவைப்பது, மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதை. ஆனால் களத்தில் இரண்டும் கைகோத்தே வருகின்றன. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் ஊடுருவியவர்கள், தொலைவிலிருந்தே துணை மின்நிலையங்களில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் சுவிட்சுகளைத் திறந்துவிட்டார்கள். ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் தானாக நகர்ந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. அதே நேரத்தில் புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகளைக் குவித்து, உண்மையில் இருட்டில் இருந்தவர்கள் யாரும் பேச முடியாதபடி செய்தார்கள். மின்தடை ஒரு தாக்குதல் என்றால், 'கேட்க ஆளில்லை' என்ற கலக்கம் இன்னொன்று.

ஊழியர்கள் நேரில் போய்க் கையாலேயே பிரேக்கர்களை மூடியதால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. உங்கள் அலுவலகத்திலும் கணினி இல்லாமல் நடந்தே ஆக வேண்டிய வேலைகள் எவை, அவற்றைக் காகிதத்தில் எப்படி நடத்துவது, யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதை அச்சடித்து வையுங்கள். அந்தப் பட்டியல் சர்வரில் மட்டும் இருந்தால், தேவைப்படும் நாளில் அதைத் திறக்க முடியாது.

எங்களுக்குச் சரக்கு தரும் நிறுவனம் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் அனுப்பியது. பணம் அனுப்பிய பிறகுதான் அது மோசடி என்று தெரிந்தது. இனி எப்படித் தடுப்பது?

முதலில் வங்கியை அழைத்து, அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறக் கோருங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அடுத்து காவல்துறையில் புகார். மெயில்களை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

பிறகு அந்த மெயிலின் முழு ஹெடரை (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல்) திறந்து, அனுப்பிய முகவரி உண்மையா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவைப் பாருங்கள். தோல்வி என்று இருந்தால், யாரோ முகவரியைப் போலியாகப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் 'பாஸ்' என்று இருந்தால் டொமைன் பெயரை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வருவதை, எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். இப்படி ஒரு டொமைனை வாங்கி அனுப்பினால் மூன்று சோதனைகளும் பாஸ் ஆகிவிடும். டொமைனும் சரியாகவே இருந்தால், அந்த நிறுவனத்தின் மெயில் பெட்டிக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி நுழைபவர்கள், 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொற்கள் வரும் மெயில்களை யாரும் திறக்காத ஃபோல்டருக்குத் தள்ளும் விதி ஒன்றை அமைத்துவிடுவது வழக்கம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, ஃபார்வர்டு அமைப்புகளையும் விதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கும்படி அந்த நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த டொமைனுக்கு டிமார்க் போட்டுவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது 'நன்' (none) நிலையில் இருந்தால் வேடிக்கை மட்டுமே பார்க்கும், எதையும் தடுக்காது. சில வாரம் அந்த நிலையில் வைத்து அறிக்கைகளை வாங்குங்கள். பில்லிங், சம்பளச் சீட்டு, செய்திமடல் என்று உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் சேவைகள் எவையெவை என்பது அதில் தெரியும். அவற்றைச் சரிசெய்துவிட்டு 'குவாரன்டைன்', பிறகு 'ரிஜெக்ட்' என்று உயர்த்துங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களைப் பட்டியலிடும் எஸ்பிஎஃப் பதிவில் 10 டிஎன்எஸ் (இணையப் பெயர்ப் பதிவேடு) தேடலுக்கு மேல் போனால் சோதனை பிழையில் முடியும். புதுப்புதுச் சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் நிறுவனங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

இத்தனை செய்தாலும் கடைசிக் காவல் தொலைபேசிதான். கணக்கு எண் மாற்றம் என்றால், பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். மாற்றத்தைப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று இருக்கட்டும். வீடியோவில் முகத்தைப் பார்த்தோம் என்பதும் சான்றாகாது. ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவன ஊழியர், மெயிலைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டவர்தான். வீடியோ கூட்டத்தில் நிதி அதிகாரியையும் சகாக்களையும் 'பார்த்த' பிறகு சந்தேகம் தீர்ந்து, 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அத்தனை முகங்களும் டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி. 2024 பிப்ரவரியில் காவல்துறை இதை வெளியிட்டது.

தினமும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறோம். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) வந்தால் தப்பிப்போமா?

டிஸ்க் எப்போதும் சர்வரில் செருகியே இருக்கிறது என்றால், தப்பிக்க மாட்டீர்கள். உள்ளே வந்தவர்கள் முதலில் தேடி அழிப்பதே பேக்கப்பைத்தான். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது பழைய விதி. அதோடு, அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு பறிபோனாலும் அழிக்க முடியாத பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

எத்தனை நாள் பழைய பிரதியை வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 2021 மார்ச் 18 அன்று ஓர் ஊழியர் நச்சு எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்தார். ரான்சம்வேர் வெடித்ததோ மே 14 அன்று. இடைப்பட்ட எட்டு வாரமும் ஊடுருவியவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். 30 நாள் பேக்கப் மட்டும் வைத்திருந்தால், மீட்டெடுக்கும் ஒவ்வொரு பிரதியோடும் ஊடுருவியவர்களின் கதவும் திரும்பி வந்துவிடும். முக்கியமான சர்வர்களுக்கு 90 நாளாவது வைத்திருங்கள்.

ஒன்றையொன்று பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் சர்வர்களைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற அழிவு மென்பொருள் பரவியபோது, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் ஊழியர்களின் லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் எல்லாம் ஒரே வீச்சில் அழிந்தன. ஒன்றே ஒன்று கானாவில் பிழைத்தது. அங்கே அப்போது மின்சாரம் இல்லாததால் அது அணைந்து கிடந்தது, அவ்வளவுதான்.

பணம் கட்டினால் தீரும் என்பதும் கணக்கில் நிற்பதில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன் 75 பிட்காயின் கொடுத்து வாங்கிய, பூட்டைத் திறக்கும் கருவி மிக மெதுவாக ஓடியதால், சொந்தப் பேக்கப்பை நம்பித்தான் வேலையைத் தொடர்ந்தது. அயர்லாந்துக்குத் திறவுகோல் இலவசமாகவே கிடைத்தும், சர்வர்களை முழுதாக மீட்கச் செப்டம்பர் வரை ஆனது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் பார்த்துத் திருப்தி அடையாமல், லாகின் சர்வரிலிருந்து தொடங்கி முழு அமைப்பையும் வெற்றுக் கணினியில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். தாக்குதல் நடக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கணினியை அணைக்காதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும்.

மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. அமெரிக்காவின் தொழில்நுட்பத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டே 2017-இல் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. மாற்றக் கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள். நீளமான சொற்றொடர் ஒன்றை வையுங்கள். கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள். முக்கியமான கணக்குகளுக்கு யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்குங்கள், எஸ்எம்எஸ் ஓடிபியைவிட அது எவ்வளவோ உறுதி.

மாணவர்களுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க எப்படிக் கற்றுத் தருவது? டீப்ஃபேக்கில் விரல்களை எண்ணச் சொன்னால் போதுமா?

விரல் எண்ணும் உத்தி இன்று பலிப்பதில்லை, மென்பொருள்கள் தேறிவிட்டன. வேறொரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், உண்மை சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொல்லி 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே தங்கி, லோகோவையும் நடையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் வந்த வேகத்தில் வெளியேறிப் புதிய டேப்களைத் திறந்து, 'இதை நடத்துவது யார்? மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?' என்று தேடினார்கள். விடையும் விரைவாகக் கிடைத்தது.

வகுப்பில் இருபது நிமிடம் போதும். ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதைப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மூன்று டேப்களில் வெளியே தேடி, நடத்துபவர் யார் என்று எழுதட்டும். அடுத்து ஒரு படத்தைக் கொடுத்து, படத்தைக் கொண்டே தேடும் வசதியில் அது முதலில் வெளியான தேதியைக் கண்டுபிடிக்கட்டும். புதிதாகச் செய்த படத்தைவிட, பழைய படத்துக்குப் புதிய விளக்கம் ஒட்டும் பொய்தான் சுலபம், மலிவும்கூட.

மூத்த மாணவர்களுக்கு ஒரு பழைய வழக்கையும் காட்டுங்கள். 1983 ஜூலையில் டெல்லியின் 'பேட்ரியாட்' நாளிதழில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்கா தயாரித்தது என்று பெயரில்லாத ஒரு கடிதம் வெளியானது. 1985-இல் சோவியத் வார இதழ் ஒன்று அதையே ஆதாரமாகக் காட்டி எழுதியது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பின்னால் இருந்தது சோவியத் உளவுத்துறை. ஒவ்வோர் ஊடகமும் எதை ஆதாரமாகக் காட்டியது என்று பின்னோக்கிப் போனால், எல்லா வழியும் அந்த ஒரு கடிதத்தில் போய் முடியும்.

ஒரு எச்சரிக்கை. எதையுமே நம்பாதே என்று கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். உண்மையே கிடையாது என்று மக்கள் சலித்துப்போவதைத்தான் பொய் பரப்புபவர்களும் விரும்புகிறார்கள். பயிற்சிக்குத் தரும் பக்கங்களில் பாதி நம்பத் தகுந்தவையாக இருக்கட்டும்.

எங்கள் துறையைப் பற்றி வதந்தி பரவினால் மறுப்பதா, பேசாமல் இருப்பதா?

சிலர் மட்டுமே பார்த்த வதந்தியை மறுத்து ஊருக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம். பரவத் தொடங்கிவிட்டால் உண்மையை முதல் வரியில் சொல்லுங்கள், பொய்யை ஒருமுறை மட்டும் குறிப்பிடுங்கள், மீண்டும் உண்மையைச் சொல்லி முடியுங்கள். பொய்ப் படத்தை அப்படியே மறுபதிவு செய்யாதீர்கள்.

வரப்போவது தெரிந்தால் முந்திக்கொள்வது இன்னும் நல்லது. 2022 மார்ச் தொடக்கத்திலேயே உக்ரைன் அரசு, அதிபர் ஜெலன்ஸ்கி சரணடையச் சொல்வதுபோல் போலி வீடியோ வரலாம் என்று மக்களிடம் சொல்லிவிட்டது. மார்ச் 16 அன்று அது வந்தது, ஊடுருவப்பட்ட ஒரு செய்தித் தளத்திலும் ஏறியது. ஜெலன்ஸ்கியே வீடியோவில் தோன்றி மறுத்தார். போலி எடுபடவில்லை.

உங்கள் துறையில் இதைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் கையெழுத்துதான். இரவு பதினொரு மணிக்கு அறிக்கைக்கு ஒப்புதல் தர அதிகாரம் உள்ள இரண்டு பேர் யார் என்பதை எழுத்தில் முடிவு செய்து, அவர்களின் எண்களைச் செய்திப் பிரிவில் ஒட்டி வையுங்கள்.