மூன்று வாக்கும் ஒரு பதிவேடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூட்டனாரின் தகப்பனார் சென்னையில் கப்பலேறி மொரீசியஸுக்கு வந்தவர் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு தமிழ்நாட்டுக் கோயில்களைத் தரிசிக்கப் போகிறோம். அந்த ஊரையும் தேடிப் பார்க்க வழியுண்டா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: வழியுண்டு, அம்மா. ஆனால் தேடலைச் சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பிறகு தொடங்கினால் விடுமுறை முழுவதும் வாடகைக் காரிலேயே கழிந்துவிடும். நம் தீவிலேயே உள்ள மோக்கா ஊரில் தொடங்குங்கள். 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இத்தீவில் இறங்கிய சுமார் நான்கரை லட்சம் பேரைப் பற்றிய பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடிவரவு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடலடையாளம், சாதி, கிராமம், மாவட்டம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1860களுக்குப் பிறகு பலருக்குப் புகைப்படமும் எடுக்கப்பட்டது. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் அந்த முகத்தையே பார்க்கலாம்.

அந்த எண்ணைப் பிடிப்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் தந்தையின் பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ்கள், பாட்டனாருடையவை என்று பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பலரும் திகைத்து நிற்பது பெயர்களில்தான். ஒரு தலைமுறையில் தகப்பன் பெயராக இருந்தது அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராக மாறியிருக்கும். சுப்பிரமணியன் என்னும் பெயரை மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாகப் பதிந்திருப்பார்கள். எழுத்துக்கூட்டலை ஒப்பிட்டுக்கொண்டிராமல் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஒரே ஆள்தான் என்பது பெரும்பாலும் காதுக்குப் பிடிபட்டுவிடும். சாதி என்ற இடத்தில் ‘மலபார்’ என்று கண்டால் கேரளத்துக்குப் பயணச்சீட்டு வாங்கிவிட வேண்டாம். அக்காலத்தில் இங்கே தமிழரையே அப்படிக் குறிப்பிட்டு வந்தார்கள். மாவட்டம் ‘தென்னாற்காடு’ என்றிருந்தால் அது இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பிரிந்து கிடக்கிறது. ஊர்ப் பெயர் ‘நல்லூர்’ என்றோ ‘புதூர்’ என்றோ இருந்துவிட்டால் தாலுகா தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது. உங்கள் முன்னோர் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞராக வந்தவர் என்றால் இந்தப் பதிவேட்டில் அவரைத் தேடுவது வீண். ஒப்பந்த முறை வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே அவர்கள் இங்கே கல் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கு வந்திருந்தபோது, இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை பெறலாம் என்று அறிவித்தார். அதற்கு விண்ணப்பிக்கவும் இதே சான்றிதழ்த் தொடர்தான் கைகொடுக்கும். ஆகவே ஒருமுறை அலைந்து சேர்த்ததை உங்கள் பிள்ளைகளுக்கும் நகல் எடுத்து வையுங்கள். ஊர் கிடைத்துவிட்டால் மகிழ்ச்சி. ஆனால் பங்காளிகள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்தவர்களோ என்று அவர்கள் ஐயப்பட்டாலும் அதில் வியப்பில்லை. ஊர்க் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து, ஏரிக்கரையில் சற்று நின்றுவிட்டு வந்தாலே பயணம் நிறைவுதான்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் குழு மாதந்தோறும் வறிய குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிறது. கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுவதைச் சிலர் கண்டிக்கிறார்கள். படம் இல்லாவிட்டால் நன்கொடை வராது என்கிறோம் நாங்கள். யார் சொல்வது சரி?
– குழு உறுப்பினர், கியூர்பிப்

பதில்: தம்பி, அப்படிப்பட்ட படங்களில் கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். காமிரா சொடுக்கி முடிக்கும் வரை கொடுப்பவரின் கை பையை விடுவதில்லை. வாங்குபவரோ பையின் மறுகாதைப் பிடித்தபடி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அவருடைய பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்தப் படம் மறுநாளே சுற்றி வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இது சிறிய தீவு, ஒருவரை ஒருவர் அறியாத தெருவே இல்லை.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயமான பேச்சு. அப்படியானால் கணக்கைக் காட்டுங்கள். அரிசிக் கடை ரசீது, எத்தனை பை கட்டினோம் என்ற எண்ணிக்கை, மீதித் தொகை ஆகிய மூன்றையும் கோயில் பலகையில் ஒட்டுங்கள். மூட்டை அடுக்கியிருப்பதைப் படம் எடுங்கள், பை கட்டும் உங்கள் தோழர்களைப் படம் எடுங்கள். வாங்குபவரின் முகம் எதற்கு? நிறுவனங்கள் தங்கள் வரிக்குரிய வருமானத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. அந்தப் பணத்தை நாடிப் போனால் அங்கும் கேட்கப்போவது பதிவுச் சான்றும் வரவு செலவும்தான்.

2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் பவளப் பாறையில் மோதி நின்று, ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தபோது மாஹேபூர்க் கரையில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் மக்கள் துணியைக் குழாய்போல் தைத்து, அதற்குள் கரும்புத் தோகையைத் திணித்து, வெற்றுப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கோத்து மிதவைகள் செய்தார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. அப்போதும் படங்கள் உலகமெல்லாம் போயின, உதவிகளும் வந்தன. அவற்றில் இருந்தவர்கள் கரிய எண்ணெய் படிந்த கைகளோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள். உதவி வாங்கியவர் என்று எவரையும் நிறுத்தி வைத்துக் காட்டவில்லை. நன்கொடைக்கு அந்த மாதிரிப் படம் போதும்.

கேள்வி: தொகுதியில் ஒரு தமிழர் நின்றால், கட்சி எதுவானாலும் அவருக்கே வாக்களிக்க வேண்டும் என்கிறார் என் மாமனார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2024 தேர்தலில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் சாப்பாட்டு மேசையில் தொடர்கிறது.
– வாசகி, கத்ர் போர்ன்

பதில்: மாமனாரின் கவலைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கேலி செய்துவிடாதீர்கள். நம் அரசியலமைப்பு மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், இம்மூன்றிலும் சேராத ‘பொதுமக்கள்’ என்று நான்காகப் பிரித்து, தேர்தலில் தோற்றவர்களில் முன்னணியில் இருப்பவர்களுக்கு நாடாளுமன்றத்தில் எட்டு இடங்கள் வரை அந்தப் பிரிவுகளின்படியே வழங்குகிறது. அந்த நான்கில் தமிழருக்குத் தனி இடமில்லை, இந்து என்ற தலைப்பின் கீழ் அடங்கிவிடுகிறார்கள். எனவே தமிழர் ஒருவர் மன்றத்துக்குப் போக வேண்டுமானால் கட்சி சீட்டுக் கொடுத்து, அவர் நேரடியாக வென்றாக வேண்டும் என்பது அவர் தலைமுறை அனுபவத்தில் கற்றது. அந்தப் பங்கீட்டுக்கு அடிப்படையாக இன்றும் 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையே வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

ஆயினும் அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதன்று. தீவின் இருபது தொகுதிகளிலும் ஒவ்வொரு வாக்காளரும் மூன்று பேருக்குக் குறியிட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் அந்த வாக்குச் சீட்டே செல்லாது. ஆக, தமிழருக்கே என் வாக்கு என்று சொல்லும் மாமனாரும் மற்ற இரண்டு வாக்கை யாருக்கோ போட்டுவிட்டுத்தான் வீடு திரும்பியிருக்கிறார். அந்த இரண்டு பேரையும் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். கட்சியையோ, வேலையையோ, பழக்கத்தையோ சொல்வார். அதே அளவுகோல் மூன்றாமவருக்கும் பொருந்தும் அல்லவா? குடியரசான 1992இல் முதல் குடியரசுத் தலைவராக அமர்ந்தவர் சர் வீராசாமி ரிங்காடு. தமிழ்ப் பெயரைத் தாங்கியவர்கள் நாட்டின் உச்சிக்குப் போகாமல் இல்லை.

என்னைக் கேட்டால், உங்கள் சாப்பாட்டு மேசை கவலைப்பட வேண்டிய செய்தி வேறு. 1982, 1995 ஆண்டுகளைப் போலவே 2024இலும் முடிவு அறுபதுக்குப் பூஜ்யம். வாக்குகளில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் பெற்ற அணி தீவில் ஓர் இடத்தைக்கூட நேரடியாக வெல்லவில்லை; எதிர்க்கட்சித் தலைவரே தோற்றவருக்கு அளிக்கும் இடத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தார். ஆளுங்கட்சியை யார் கேள்வி கேட்பது? 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் பதினொரு பேர் மாண்ட பிறகு வடிகாலைப் பற்றி வாக்குறுதி தராத வேட்பாளர் இல்லை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதே நகரத் தெருக்களில் கார்கள் மிதந்தன. அடுத்த முறை வாசலுக்கு வருபவர் எந்தச் சமூகத்தவராயினும் இதைக் கேளுங்கள். வாக்குச் சாவடித் தடுப்புக்குள் மாமனார் வரப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: முதியோர் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்துவது அநியாயம் இல்லையா?
– வாசகர், பொ பாசேன்

பதில்: மக்களில் முதியவர் பங்கு கூடிக்கொண்டே போகும்போது கருவூலம் திணறுகிறது என்பது மெய். 1958 முதல் ஏழை பணக்காரர் பேதமின்றி எல்லோருக்கும் வழங்கிவரும் உதவி இது என்பதும் மெய். எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான்: குளிரூட்டிய அறையில் அமர்ந்து அறுபதைத் தாண்டியவரையும், பதினைந்து வயதில் கரும்பு வெட்டத் தொடங்கியவரையும் ஒரே நாளில் வைத்து எண்ணுகிறார்கள். உடலுழைப்பாளிகளுக்குத் தனி வயது வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: படுக்கையிலிருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரான்சில் இருக்கும் அக்கா மாதந்தோறும் பணம் அனுப்புகிறாள். விடுமுறைக்கு வந்தால் மட்டும், கஞ்சி நீர்த்திருக்கிறது, விரிப்பு மாற்றவில்லை என்று குற்றம் கண்டுபிடிக்கிறாள். என்ன செய்வது?
– வாசகி, மாஹேபூர்க்

பதில்: சண்டை வேண்டாம், அம்மா. பணத்தையும் உழைப்பையும் தராசில் வைத்தால் இருவருமே தோற்பீர்கள். அடுத்த விடுமுறைக்கு அக்கா வந்து இரண்டு நாள் களைப்பாறியதும், மருந்து கொடுக்கும் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு, இரவில் அம்மா எத்தனை மணிக்குக் கூப்பிடுவார், புண் வராமலிருக்க எந்தப் பக்கம் எப்போது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நீங்கள் ரொட்ரிகஸ் தீவுக்குப் புறப்படுங்கள். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். பழிவாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்காக ஓய்வின்றி நோயாளியைப் பார்ப்பவர் தாமும் நோயாளியாகிவிடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒரு வாரம் போதும். திரும்பி வந்த பிறகு, அக்கா அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் உதவியாளருக்கு ஒதுக்கலாம் என்ற பேச்சை எடுங்கள். அவளாகவே ஒப்புக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன்.